பொறி படிக்கும் பெயர்

காவிரியும் கொள்ளிடமும் இரு மருங்கும் ஓட, அவற்றின் இடையே தீவாக அமைந்த பேரூர் ஒன்று உண்டு. அதனைத் திருவரங்கம் என்பர் சிலர். ஸ்ரீரங்கம் என்பர் சிலர். அரங்கம் என்று சுருங்கச் சொல்வாரும் உளர். காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டை ஓங்கி நிற்கும் நகரம் திருச்சிராப்பள்ளி. பேச்சு வழக்கில் அது திருச்சி ஆயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து ஏடுகளில் திரிச்சினாப்பொலி ஆயிற்று. பேருந்தின் நெற்றியில் இப்பெயர்களுள் எது எழுதப்பட்டிருப்பினும் ஊர் செல்வோர் மயங்குவதில்லை. பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே என்பதை மனித அறிவு எளிதில் உணர்கின்றது.

மனிதன் இயற்றிய கணிப்பொறிக்கு இவ்வுணர்வு இல்லை. அதற்கு ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பெயரே. அன்றியும், நம் கண்ணுக்கு ஓர் எழுத்தும் மாறாது தோன்றும் இரு பெயர்களையும் அது வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும் இடங்கள் உண்டு. அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் விளையும் தீங்கு யாது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நிரலும் தொகுப்பியும்

கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி எழுதிய கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதுவதற்கெனச் சில மொழிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவை நிரல்மொழிகள் எனப்படும். மனிதர் படிக்கத்தக்க அந்நிரலைப் பொறி இயற்றத்தக்க கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. தொகுப்பியும் ஒரு நிரலே. அதனை இருமொழிப் புலவன் ஒருவனுக்கு ஒப்பிடலாம். ஆனால், அப்புலவன் இலக்கணத்தில் மிகக் கண்டிப்பானவன். குறிப்பால் உணரும் பழக்கம் சிறிதும் இல்லாதவன்.

நிரல் எழுதுவோர் தாம் கையாளும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் இடுவர். நூலகம் ஒன்றில் உள்ள நூல்களின் எண்ணிக்கைக்கு 'நூல்தொகை' என்று பெயரிடலாம். மாணவர் பெற்ற மதிப்பெண்ணுக்கு 'மதிப்பு' என்று பெயரிடலாம். இவ்வாறு இடப்படும் பெயர் அடையாளப் பெயர் எனப்படும். நிரலில் ஓரிடத்தில் இட்ட பெயரைப் பிறிதோரிடத்தில் காணும்போது, 'இது முன்னர்க் கண்ட பெயர்தானா?' என்று தொகுப்பி தன்னைத்தானே வினவிக்கொள்கின்றது. இவ்வினாவிற்குத் தவறான விடை கிடைப்பின் கணக்கு முழுதும் தவறாகும்.

எழுத்துக்கு எண்

பொறிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, ஒலியும் தெரியாது. அது அறிவது எண் ஒன்றே. ஆதலால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் இட்டு, அவ்வெண்களையே பொறியில் சேமிக்கின்றனர். அவ்வெண் குறியெண் எனப்படும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்று காட்டும் அட்டவணை எழுத்துத் தொகுதி எனப்படும்.

தொடக்கக் காலத்துப் பொறிகள் பலவற்றில் ஓர் எழுத்துக்கு ஆறு பிட் இடமே ஒதுக்கப்பட்டது. ஆறு பிட்டுகளால் 64 குறிகளையே காட்ட இயலும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்கள் 26, எண்கள் 10, சில கணக்குக் குறிகள் ஆகியவற்றுக்கு இடம் அளித்தபின், சிறிய எழுத்துக்களுக்கு இடம் போதவில்லை. 1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியில் பெரிய எழுத்துக்களே வழங்கின. பெயர் ஒன்று ஆறு எழுத்துக்களுக்கு மேற்படலாகாது என்பதும் அம்மொழியின் விதி. ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்துக்கள் கொண்ட திருச்சிராப்பள்ளி என்னும் பெயருக்கு அங்கே இடமில்லை.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் எழுத்துத் தொகுதி வகுக்கப்பட்டது. அது ஏழு பிட்டுகளால் ஆகிய 128 இடங்களை உடையது. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துக்களும் அதில் நிலையான இடம் பெற்றன. பெரிய 'ஏ' என்னும் எழுத்துக்கு 65; சிறிய 'ஏ'க்கு 97. எவ்வெழுத்தை எடுப்பினும் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாடு 32 ஆகும். ஆதலால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல் பொறிக்கு மிக எளிதாயிற்று.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

சிறிய எழுத்துக்கள் வந்தவுடன் புதியதொரு வினா எழுந்தது. ஒருவர் பெரிய எழுத்தில் ஒரு பெயரை எழுதுகின்றார். மற்றொருவர் அதனையே சிறிய எழுத்தில் எழுதுகின்றார். இவை ஒரு பெயரா, இரு பெயர்களா? ஒலியை நோக்கின் ஒன்று. குறியெண்ணை நோக்கின் இரண்டு.

இவ்வினாவிற்கு நிரல்மொழி வகுத்தோர் இரு வகையாக விடை கூறினர். 1970-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய பாஸ்கல், 1980-களில் செம்மையுற்ற ஏடா ஆகிய மொழிகள் இவை ஒரு பெயரே என்றன. 1970-களின் தொடக்கத்தில் தோன்றிய சி, பின்னர் வந்த ஜாவா, பைத்தான் ஆகியவை இவை வேறு பெயர்கள் என்றன. இரு விதிகளும் தத்தம் எல்லைக்குள் பொருந்துவனவே. முன்னது எழுதுவோரின் சிறு தவற்றைப் பொறுத்துக்கொள்கின்றது. பின்னது எழுதியதை எழுதியவாறே கொள்கின்றது.

ஆயினும், பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்வோம் என்று சொல்வது எளிது. உலக மொழிகள் அனைத்திற்கும் அதனைச் செய்து காட்டுவது அரிது. துருக்கி மொழியில் புள்ளியுடைய 'ஐ' என்றும், புள்ளியில்லாத 'ஐ' என்றும் இரண்டு எழுத்துக்கள் உண்டு. ஆங்கிலத்தில் சிறிய 'ஐ'க்குப் புள்ளி உண்டு. பெரிய 'ஐ'க்கு இல்லை. துருக்கியிலோ இரண்டிற்கும் தனித்தனியே பெரிய வடிவமும் சிறிய வடிவமும் உண்டு. ஆங்கிலத்திற்கென வகுத்த மாற்றுவிதி துருக்கியில் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக்கிவிடும். ஒரு மொழியின் இயல்பை எல்லா மொழிகளுக்கும் பொது விதியாக்கின் பிழை நேரும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தமிழின் நிலை

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. சொல்லின் முதலில் நிற்பினும் இடையில் நிற்பினும் 'க' என்பது 'க'வே. ஆதலின் தமிழ்ப் பெயர்களுக்கு மேற்கூறிய இடர் இல்லை எனத் தோன்றும். ஆனால், நமக்கென வேறு இடர்கள் உண்டு. அவற்றை அறிய, நம் எழுத்துக்கள் பொறியில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உலக மொழிகளின் எழுத்துக்கள் யாவற்றையும் ஓர் அட்டவணையில் அமைக்கும் நோக்குடன் எழுந்தது யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. அதன் முதற் பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தமிழ் எழுத்துக்கள் 247 ஆயிற்றே, அவை 128 இடங்களுள் எவ்வாறு அடங்கும் என்று நீங்கள் வினவலாம். உயிரெழுத்துக்களுக்கும், அகரம் ஏறிய மெய்யெழுத்துக்களுக்கும், ஆய்தத்திற்கும், புள்ளிக்கும், கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளுக்குமே குறியெண்கள் தரப்பட்டன. எஞ்சியவை இவற்றைக் கூட்டி எழுதப்படுகின்றன. சான்றாக, 'க' என்பதன் எண் 2965. புள்ளியின் எண் 3021. ஆகவே 'க்' என்பது 2965, 3021 என்னும் ஈரெண்களால் ஆகியது.

இங்கே ஒரு நுட்பம் காண்க. 'க்' என்னும் மெய்யோடு 'அ' என்னும் உயிர் கூடிக் 'க' ஆயிற்று என்பது இலக்கணம். பொறியிலோ 'க' முன்னர் நிற்க, அதன்மேல் புள்ளி ஏறிக் 'க்' ஆகின்றது. முன்னது ஒலியின் முறை. பின்னது எழுதும் வடிவின் முறை. கையால் எழுதும்போது நாமும் 'க' எழுதிய பின்னரே புள்ளி வைக்கின்றோம்.

திருச்சிராப்பள்ளி என்னும் பெயரை எண்ணிப் பாருங்கள். தமிழ் முறைப்படி அதில் ஒன்பது எழுத்துக்கள் உள்ளன. ஒருங்குறி முறைப்படி அதில் பதினேழு குறியெண்கள் உள்ளன. பெரிதும் வழங்கும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளுமாதலால், அப்பெயர் 51 பைட் கொள்கின்றது. ஒன்பது, பதினேழு, ஐம்பத்தொன்று ஆகிய மூன்றும் ஒரு பெயரின் நீளமே. சி மொழிக்கு 1989-ஆம் ஆண்டில் வகுத்த தரத்தின்படி, ஒரு பெயரின் முதல் 31 இடங்களையேனும் தொகுப்பி வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அவ்வரம்பைப் பைட்டுக்களாக எண்ணும் தொகுப்பி, இப்பெயரில் 'திருச்சிரா' என்பதுவரை கண்டு, அடுத்த குறியெண்ணின் மூன்றில் ஒரு கூற்றோடு நின்றுவிடும். எழுத்து இன்னதென அறியாது நீளம் அளப்பின் எழுத்தே துண்டுபடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மொழிமுதல் எழுத்து

எவ்வெழுத்து சொல்லின் முதலில் வரும், எது வாராது என்பதை நம் இலக்கண நூலார் வரையறுத்துள்ளனர். தனிமெய் சொல்லுக்கு முதலாவதில்லை, ஆய்தமும் முதலாவதில்லை. நிரல்மொழிகளிலும் இத்தகைய வரையறை உண்டு. பெயரின் முதலில் எண் வரலாகாது, இடையில் வரலாம். ஒருங்குறி வகுத்தோரும் பெயரைத் தொடங்கத்தக்கவை இவை, தொடரத்தக்கவை இவை என இரு வகைப்படுத்தினர். உயிரும் அகரம் ஏறிய மெய்யும் தொடங்கத்தக்கவை. புள்ளியும் உயிர்க்குறிகளும் தொடரத்தக்கவை, தொடங்கத்தக்கவை அல்ல. இது தமிழின் இயல்புக்குப் பொருந்தும் விதியே.

எல்லா மொழிகளும் இவ்விதியை மேற்கொள்ளவில்லை. கூகிள் நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டு நவம்பரில் 'கோ' என்னும் நிரல்மொழியை வெளியிட்டனர். பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்று அம்மொழிக்கு விதி வகுக்கப்பட்டது. ஆங்கிலத்திற்கு இவ்விதி போதுமானது. ஆனால், ஒருங்குறியின் பாகுபாட்டில் தமிழ்ப் புள்ளியும் உயிர்க்குறிகளும் 'எழுத்து' அல்ல, 'சேர்குறி'கள். ஆகவே அவ்விதியின்படி 'பல', 'நட' என்னும் சொற்கள் பெயராகும். 'அறம்', 'மரம்', 'கடல்', 'காவிரி' என்பன பெயராகா. மரம் என்னும் சொல்லில் ஈற்றுப் புள்ளியைக் கண்டவுடன் தொகுப்பி திகைத்து நின்றுவிடும்.

அம்மொழியின் பிறிதொரு விதியும் நோக்கத்தக்கது. ஒரு பெயர் பெரிய எழுத்தில் தொடங்கின், அதனைப் பிற நிரல்பகுதிகளும் எடுத்தாளலாம். அவ்வாறு தொடங்காத பெயர் தன் பகுதிக்குள்ளேயே அடங்கி நிற்கும். ஆங்கிலத்திற்கு இஃது அழகிய, சுருக்கமான ஏற்பாடு. பெரிய எழுத்தே இல்லாத தமிழின் நிலை யாது? தமிழ் எழுத்தில் தொடங்கும் பெயர் எதுவும் தன் பகுதியைக் கடந்து வெளிச்செல்ல இயலாது. வெளிச்செல்ல வேண்டுமாயின் ஆங்கிலப் பெரிய எழுத்தொன்றை முன்னே ஒட்டிக்கொள்ளல் வேண்டும். சீனம், இந்தி, அரபு முதலியவற்றிற்கும் இதே நிலைதான். இவ்விதியை வகுத்தோருக்குத் தமிழின்மீது பகை இல்லை. ஆங்கிலத்தின் இயல்பே எல்லா மொழிகளின் இயல்பும் என்று கொண்டமையால் நேர்ந்தது இது. விதி வகுக்கும் அவையில் நம் மொழியை அறிந்தவர் இல்லையாயின், பகை இன்றியும் நம் மொழிக்கு வாயில் அடைபடும்.

ஒரு வடிவம், இரு குறியெண்

இனி, கண்ணால் காண இயலாத இடரைக் காண்போம். 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் ஒகரக் குறிக்கெனத் தனியே 3018 என்னும் எண் உண்டு. எனவே 'கொ' என்பதை 2965, 3018 என எழுதலாம். கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்னும் எண்களும் உண்டு. எனவே அதனையே 2965, 3014, 3006 என மூன்று எண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 'கொள்ளிடம்' என்னும் பெயரை ஒருவர் முதல் முறையிலும் மற்றொருவர் இரண்டாம் முறையிலும் எழுதினால், படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பொறிக்கோ எண்வரிசை வேறு.

இவ்விரு வரிசைகளும் ஒன்றே எனக் கொள்ளல் வேண்டும் என ஒருங்குறி நூலார் விதித்துள்ளனர். பல வரிசைகளை ஒரு வரிசையாக்கும் செயலுக்குச் சீராக்கம் என்று பெயர். 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு, பெயர்களைச் சீராக்கிய பின்னரே ஒப்பிட்டுப் பார்க்கின்றது. ஆகவே அங்கே இரு 'கொள்ளிட'மும் ஒன்றே. ஜாவா மொழியோ சீராக்கம் செய்யாது குறியெண்களை உள்ளவாறே ஒப்பிடும் விதியை உடையது. ஆகவே அங்கே அவை இரண்டு.

ஸ்ரீரங்கத்தின் இரு வடிவங்கள்

சீராக்கமும் தீர்க்காத இடர் ஒன்று உண்டு. அதற்கு ஸ்ரீரங்கம் என்னும் ஊர்ப்பெயரே சான்றாக நிற்கின்றது.

'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்துக்கு ஒருங்குறியில் தனி எண் இல்லை. நான்கு குறியெண்களைக் கூட்டியே எழுதுகின்றோம். தொடக்கத்தில் அதன் முதற்குறியாக 'ஸ' என்பதனைக் கொண்டனர். அப்போது அதன் வரிசை 3000, 3021, 2992, 3008 என்பதாகும். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் 4.1-ஆம் பதிப்பில் 'ஶ' என்னும் கிரந்த எழுத்து 2998 என்னும் எண்ணோடு சேர்க்கப்பட்டது. வடமொழி ஒலிக்கு அதுவே ஏற்றதாகலின், அது முதல் 2998, 3021, 2992, 3008 என எழுதுவதே தக்கது எனப்பட்டது. ஆனால், பழைய முறையில் எழுதிய ஏடுகளும் பழைய முறையில் எழுதும் மென்பொருள்களும் வழக்கில் நிலைத்துவிட்டன. எழுத்துருக்கள் பலவும் இரு வரிசைகளுக்கும் ஒரே வடிவத்தையே காட்டுகின்றன. 'ஸ', 'ஶ' என்பன உண்மையில் இரு வேறு எழுத்துக்கள் ஆதலால், சீராக்க விதி இவற்றை ஒன்றாக்குவதில்லை.

இதனால் விளையும் தீங்கை ஒரு கற்பனை நிகழ்ச்சியால் விளக்குவோம். இரு நூலகங்களின் நூற்கணக்கை எழுத இரு மாணவர் பைத்தான் மொழியில் ஒரு நிரல் இயற்றுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவன் திருச்சிராப்பள்ளி என்னும் பெயருக்கு 300 என்றும், ஸ்ரீரங்கம் என்னும் பெயருக்கு 120 என்றும் மதிப்புத் தருகின்றான். நிரலின் இறுதி வரியில் இரண்டையும் கூட்டுமாறு எழுதுகின்றான். சில நாட்களுக்குப் பின், ஸ்ரீரங்கத்து நூலகத்திற்குப் புதியனவாக 35 நூல்கள் வருகின்றன. மற்றொரு மாணவி தன் கணிப்பொறியில் அந்நிரலைத் திறந்து, இறுதி வரிக்கு முன்னே ஸ்ரீரங்கம் என்னும் பெயருக்கு 155 என மதிப்புத் தந்து ஒரு வரி சேர்க்கின்றாள். வரவேண்டிய விடை 455. பொறி தரும் விடையோ 420.

இருவரும் நிரலை வரிவரியாகப் படிக்கின்றனர். பிழை ஒன்றும் காணவில்லை. எவ்வாறு காண்பர்? அவன் எழுதியது 3000-இல் தொடங்கும் ஸ்ரீரங்கம். அவள் எழுதியது 2998-இல் தொடங்கும் ஸ்ரீரங்கம். பொறி அவள் தந்த 155-ஐப் புதியதொரு பெயருக்கு உரியதாகக் கொண்டு, பழைய பெயருக்குரிய 120-ஐயே கூட்டிற்று. 'இப்பெயரை அறியேன்' என்று கூறிப் பொறி நின்றிருக்குமாயின் இருவரும் விழிப்படைந்திருப்பர். பிழையைச் சொல்லும் பொறி ஆசிரியரை ஒக்கும். பிழையை மறைத்துத் தவறான விடை தரும் பொறி வஞ்ச நண்பனை ஒக்கும். நூற்கணக்கில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். மருந்தின் அளவையோ, அணையின் நீரளவையோ கணக்கிடும் நிரலில் இத்தகைய பிழை நேரின் அதன் விளைவு பெரிதாகும்.

வடிவ மயக்கம் பழையதே

ஒரு வடிவம் ஈரெழுத்துக்கு நின்று மயக்கம் தருவது தமிழுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிகளிலும் கல்வெட்டுக்களிலும் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. திருவரங்கப் பெருங்கோயிலில் 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் உள்ளன. இத்தகைய கல்வெட்டுக்களைப் படிப்போர், புள்ளியில்லாத இடத்து மெய்யோ உயிர்மெய்யோ என்பதை இடம் நோக்கி உணர்ந்தே படிக்கின்றனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் முற்காலத்தில் புள்ளியாலேயே வேறுபட்டன. புள்ளி விடுபட்டபோது குறிலும் நெடிலும் மயங்கின. கி.பி. 1680-ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்து, தமிழகம் போந்து, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சி முதலிய ஊர்களில் வாழ்ந்து தமிழ்த் தொண்டு புரிந்த வீரமாமுனிவர், நெடிலுக்கு வேறு வடிவம் தந்து இம்மயக்கத்தைத் தீர்த்தார் என எழுத்து வரலாறு கூறும்.

அக்காலத்து மயக்கத்தைப் படிப்பவரின் அறிவு ஓரளவு தீர்த்தது. பொறிக்கு அவ்வறிவு இல்லை. இன்றும் வடிவ மயக்கம் தரும் எழுத்துக்கள் பொறியில் உள்ளன. தமிழ் எண்ணாகிய '௧' என்பதற்கும் 'க' என்னும் எழுத்துக்கும் வடிவில் வேறுபாடு காண்டல் அரிது; ஆயின் முன்னதன் எண் 3047, பின்னதன் எண் 2965. முன்னது எண்ணாதலின் பெயருக்கு முதலாகாது, பின்னது ஆகும். 'ஔ' என்பது ஓர் எழுத்து. 'ஒள' என்பது ஈரெழுத்து. 'ஔவை' என எழுத வேண்டிய இடத்தில் 'ஒளவை' என எழுதுவோர் பலர். கண் பொறுக்கும், பொறி பொறுக்காது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துக்களுக்குச் சீர்திருத்த வடிவத்தை ஏற்றனர். அதற்கு முற்பட்ட நூல்களில் 'லை' என்பது யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் அச்சிடப்பட்டது. பழைய வடிவில் காட்டினும் புதிய வடிவில் காட்டினும் பொறியில் அதன் குறியெண்கள் மாறுவதில்லை. இவற்றால் நாம் அறியும் உண்மை ஒன்றே: பொறிக்குப் பெயர் என்பது வடிவம் அன்று, எண்வரிசையே.

செய்யத்தக்கவை

இவ்விடர்களைக் கண்டு, தமிழில் பெயரிடுதலே கூடாது என முடிவு செய்தல் பொருந்தாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் இடரைக் கண்டு ஆங்கிலத்தார் தம் எழுத்தைக் கைவிடவில்லை. விதி வகுத்து அதனை ஆண்டனர். நாமும் அவ்வாறே செய்தல் தகும்.

தமிழிலேயே நிரல் எழுதும் முயற்சி ஏற்கனவே தொடங்கிவிட்டது. முத்தையா அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அது பற்றிய அவர்தம் ஆய்வுக் கட்டுரை 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதிப்பி, பின்கொடு, நிரல்பாகம், முடி முதலிய தமிழ்ச் சொற்களே அம்மொழியில் கட்டளைகளாக நிற்கின்றன. ஆங்கிலம் பயிலாத சிறுவனும் தன் தாய்மொழியிலேயே கணிப்பொறிக்குக் கட்டளையிட அது வழி காட்டுகின்றது.

நிரல் எழுதுவோர் கடைப்பிடிக்க வேண்டியவை சில. ஒரு நிரலில் ஒரு பெயரை எழுதும் முறையை முதலிலேயே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பலர் கூடி எழுதும்போது அனைவரும் ஒரே விசைப்பலகை முறையைக் கையாளுதல் நன்று. மயக்கம் தரும் எழுத்துக்களைப் பெயரில் தவிர்த்தல் வேண்டும். ஸ்ரீரங்கம் என்பதற்கு மாறாகத் திருவரங்கம் என எழுதின் மேற்கூறிய இடரே இல்லை; ஏழெழுத்துக்களால் ஆகிய அப்பெயரில் ஐயத்திற்கு இடமான குறி ஒன்றும் இல்லை.

தொகுப்பி இயற்றுவோர்க்கு உரிய கடமை இதனினும் பெரிது. புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்தின் உறுப்புக்களே எனக் கொண்டு பெயரில் அவற்றுக்கு இடம் தருதல் வேண்டும். பெயர்களைச் சீராக்கிய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். காட்சியில் ஒத்து எண்ணில் வேறுபடும் இரு பெயர்கள் ஒரு நிரலில் வருமாயின், எழுதுவோரை எச்சரித்தல் வேண்டும். பெரிய எழுத்தில்லாத மொழிகளும் உலகில் உண்டு என்பதை மறவாது விதி வகுத்தல் வேண்டும்.

மாணவர்களே, உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம், மொழிமுதல் எழுத்து என்று இலக்கண வகுப்பில் நீங்கள் கற்பவை தேர்வோடு முடிந்துவிடுவன அல்ல. கணிப்பொறிக்கு விதி வகுப்போர் அறிய வேண்டிய செய்திகளும் அவையே. பொறியை மட்டும் அறிந்தவர் தமிழைத் துண்டாக்குவர். தமிழை மட்டும் அறிந்தவர் பொறியின் முன் செயலற்று நிற்பர். இரண்டையும் கற்று, விதி வகுக்கும் அவைகளில் நீங்கள் இடம் பெறுதல் வேண்டும். அன்று நம் ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும் எவர் எழுதினும் எப்பொறியிலும் ஒரே பெயராக நிலைபெறும்.

வினாக்கள்

1. அடையாளப் பெயர் என்பது யாது? அதனைத் தொகுப்பி எவ்வாறு அறிகின்றது?
2. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றி நிரல்மொழிகள் கூறும் இரு வகை விதிகளை விளக்குக.
3. 'க்' என்னும் எழுத்தைப் பற்றி இலக்கணம் கூறும் முறைக்கும் பொறியின் முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. ஸ்ரீரங்கம் என்னும் பெயரைக் கொண்டு ஆசிரியர் விளக்கும் இடர் யாது?
5. உங்கள் ஊர்ப்பெயரில் தமிழ் முறைப்படி எத்தனை எழுத்துக்கள் உள்ளன? ஒருங்குறி முறைப்படி எத்தனை குறியெண்கள் உள்ளன? எண்ணி எழுதுக.